முகவீணை ஊதினவர் யார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூத்தையும் பம்பையையும் பறையையும் கைப்பேசியில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும், புதுசாக யார் பாடினாலும் முதல் ஆளாகக் கேட்டுவிட்டு அதை நாலு பேருக்குச் சொல்லாமல் தூங்காதவர்களுக்கும் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். திடலில் மூங்கில் கம்பத்தோரம் முக்காலியை ஊன்றி, பவர் பேங்க்கை மடியில் கட்டிக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 56 வயது ஆள் நான்தான். உங்களில் ஒருவருக்கு ஒருமுறை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு முறை, போருக்குப் போகாதே என்று கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறிக்கிற கட்டத்தில், கால் இடறி முக்காலியைத் தட்டிவிட்டேன். அந்தக் காணொளியில் பொன்னுருவி அழும்போது வானம் தெரிவது என்னால்தான். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன பங்குனியில் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த கர்ண மோட்சக் கூத்தை உங்களில் ஒருவர் முழுசாகப் பதிந்து போட்டிருந்தார். ஏழு மணி நேரம். நல்ல பதிவு, ஒலி தெளிவு. கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கிறார். முகவீணை, நாயனம் மாதிரிச் சின்னதாக இருக்கிற அந்த ஊதுகுழல், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுகிறது. குரல் நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் அது மட்டும் தனியாக நிற்கிறது. அந்த இடத்தை நான் எத்தனை தடவை பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அதன் கீழே பெங்களூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த முகவீணை யாருங்க? எங்க பேண்டுல ஒரு பாட்டுக்கு வேணும். சம்பளம் தர்றோம்." நாற்பது பேருக்கு மேல் பதில் போட்டிருந்தார்கள். வேற லெவல். நெருப்பு. எங்க ஊரு கெத்து. பேர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பதிவு போட்டவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு புண்ணியவான் ஒரு பேரையும் எண்ணையும் எழுதினார். அது ஒரு தவில்காரருடைய எண். பெங்களூர்க்காரர் கூப்பிட்டிருக்கிறார்; அவரும் நேர்மையான மனுஷர், "நான் தவிலு சாமி, ஊதறது நான் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஊதினது யாரென்று அவருக்கும் தெரியாது. அவர் வேறு செட்டு, அதாவது வேறு குழு.

ஊதினவர் என் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்குகிறவர். வாரத்தில் நாலு நாள் பார்க்கிற முகம். நான் அந்தப் பதிவின் அடிவரை இறங்கிப் படித்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டிருந்தது. பெங்களூர்க்காரர் அந்தப் பாட்டைக் கீபோர்டை வைத்து முடித்துவிட்டதாகக் கீழேயே எழுதியிருந்தார். பெரியவரிடம் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அட போப்பா, அன்னைக்குக் கூத்து நல்லா நடந்துச்சு, அது போதும்" என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, "எவ்வளவு தர்றேன்னாங்களாம்?" என்று கேட்டார்.

அவர் பேரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் சண்டைக்கு என்னை இழுக்காதே. நான் ஊதின எடத்துல போடச் சொல்லு" என்றார். அதனால்தான் இந்த மடலில் அவர் பேர் இல்லை.

நான் கேட்க வந்தது அவர் கேட்டதேதான். நீங்கள் எடுத்ததைப் பகிரும்போது அது யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஊர், எந்த நாள் என்று எழுதுங்கள்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வழக்கமில்லை. 1980களின் கடைசியில் எங்கள் அண்ணன் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்தார். நான் அதில் பல வருஷம் நின்றேன். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸும் ரீசார்ஜும். அப்போது ஆட்கள் வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டு, இரண்டு நாளில் பதிந்து கொடுப்போம். அதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஆகவே உங்களுக்கு நியாயம் சொல்கிற யோக்கியதை எனக்குப் பாதிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஆதாரம் அந்தக் கூத்துக் கேசட்டுகளின் அட்டை. கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்குச் சின்ன எழுத்து. வாத்தியார் இன்னார், மிருதங்கம் இன்னார், ஆர்மோனியம் இன்னார், முகவீணை இன்னார், பின்பாட்டு இன்னார் இன்னார் என்று போட்டிருக்கும். இடம் போதாவிட்டால் "பக்கவாத்தியக் குழு" என்று சுருக்கமாட்டார்கள், எழுத்தை இன்னும் சின்னதாக்குவார்கள்.

கேட்டவர்கள் அதைப் படித்துவிட்டு மறுபடி வருவார்கள். "இதுல ஊதினவரு ஊதின வேற கேசட் இருக்காண்ணா?" என்பார்கள். எடுத்துக் கொடுப்போம். மொரப்பூரிலிருந்து ஒருவர் வருவார், காரிமங்கலத்துக்காரர் ஒருவருக்கு அவர் சொல்வார், அந்தக் காரிமங்கலத்துக்காரர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார். ரசிகன் ரசிகனுக்குச் சொல்லி வளர்ந்த கூட்டம் அது. பேர் தெரிந்ததால்தான் கேட்டு வாங்க முடிந்தது. உங்களுக்கோ இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. யூடியூபில் காணொளிக்குக் கீழே 5,000 எழுத்துவரை எழுதலாம். உங்களில் பலர் அந்த இடத்தில் எழுதுவது "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க".

திடலிலேயே பாருங்கள். நடு ராத்திரியில் ஒருவர் எழுந்து போய்க் கோமாளி கையில் நூறு ரூபாய் வைத்தால், ஆட்டத்தை நிறுத்தி, மைக்கில் அவர் பேர், அப்பா பேர், ஊர், அவர் பெங்களூரில் என்ன கம்பெனியில் வேலை செய்கிறார் என்பதுவரை சொல்லி வாழ்த்துகிறார்கள். பிளக்ஸில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கூத்துக்கு மட்டும் சபா பேர் ஒரு வரி. ராத்திரி முழுக்க ஊதினவர், அடித்தவர், பின்பாட்டுப் பாடியவர் எல்லாரும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட வேண்டும்.

இத்தனைக்கும் இது கல்லில் பேர் வெட்டி வைக்கிற சீமை. நம் பக்கத்தில் கிடைத்த நடுகற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் எந்த ராஜா காலத்தில், யாருடைய ஆள், எந்த ஊரில் விழுந்தான் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். "பெயரும் பீடும் எழுதி" என்கிறது அகநானூறு. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்தவனோடு அவன் நாயும் இருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அந்த நாயின் பேரும் அதில் இருக்கிறது: கோவிவன். 1,400 வருஷம் கழித்தும் அந்த நாயை நாம் பேர் சொல்லிக் கூப்பிடலாம். போன பங்குனியில் ஊதினவரைக் கூப்பிட முடியவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உங்களுக்கு இந்த உணர்வு இல்லை என்று சொன்னால் அது பெரிய பொய். 2021 மார்ச்சில் வந்து உலகமே பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற தனியிசைப் பாட்டுக்கு நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று பார்த்தவன் நான். சில மாதம் கழித்து ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில், அதை எழுதிப் பாடிய பாடகர் அறிவின் படம் இல்லை என்றதும் கொதித்தீர்கள். அடுத்த ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது மறுபடி கொதித்தீர்கள். நியாயமான கொதிப்பு. ‘மார்கழியில் மக்களிசை’ விழாவுக்கு இங்கிருந்து பேருந்து பிடித்துச் சென்னைக்குப் போகிறீர்கள். அதே கை, அதே வாரம், பென்னாகரத்துப் பம்பைக்காரரை முப்பது விநாடியாக வெட்டி, "பம்பை வெறித்தனம்" என்று மட்டும் எழுதி அனுப்புகிறது.

சட்டம் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். ஆனாலும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது 38-பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாட்டு பழம்பாட்டாகவே இருக்கட்டும், பாரதம் யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்கட்டும். அன்றைக்கு மேடையில் பாடினவருக்கு, வாசித்தவருக்கு, இது நான் செய்தது என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை அதில் உண்டு. தன் மானத்துக்குக் கேடு வரும்படி அந்த நிகழ்த்துதலைத் திரித்தால் தடுக்கிற உரிமையும் உண்டு. மற்ற உரிமையை எல்லாம் விற்றுவிட்டாலும் இந்த இரண்டும் அவரிடமே இருக்கும். நீளம் கருதி வெட்டுவது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பயப்படாமல் வெட்டுங்கள்.

எதை வெட்டுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். இது பேரைவிடப் பெரிய விஷயமாகவும் எனக்குச் சில நாள் தோன்றுகிறது. ஏழு மணி நேரக் கூத்தில் கோமாளி இரட்டை அர்த்தத்தில் பேசுவது பத்து நிமிஷம் இருக்குமா? ஊரெல்லாம் சுற்றுவது அந்தப் பத்து நிமிஷம்தான். பெண் வேஷக்காரர் இடுப்பு வளைக்கிற ஒரு சட்டகத்தை முகப்புப் படமாக வைத்து, அதில் சிவப்பு வட்டம் போட்டு, அம்பு வரைந்து, வாயில் வராத தலைப்பு ஒன்று வைக்கிறார்கள். அந்த மனுஷர் பகலில் கேழ்வரகு வயலில் நிற்கிறவர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் அந்தப் படம் போகிறது. இப்போது பெண்களே சில செட்டுகளில் வேஷம் கட்டுகிறார்கள். அவர்களுக்குக் கீழே எழுதப்படுவதைப் படித்துவிட்டு ஒருநாள் என் வீட்டுக்காரி கைப்பேசியை வாங்கி அணைத்து வைத்துவிட்டாள். பறைக்கும் இதே கதிதான். தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாக ஒருவர் மணிக்கணக்கில் நின்று வாசிப்பதை எடுத்து, மேலே சிரிப்புச் சத்தம் ஒட்டி, "சாவுக்குத்து" என்று போடுகிறார்கள். அவர் தெருவில் நின்று கேட்டால் உங்களால் அந்தத் தலைப்பை அவர் முகத்துக்கு நேராக வாசித்துக் காட்ட முடியுமா?

காசுக் கணக்கும் ஒன்று உண்டு. யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்கிறார்கள். கூத்து இதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. விடியவிடிய நடந்ததை அப்படியே போட்டு, ஆயிரம் பேர் ஆளுக்கு நாலு மணி நேரம் பார்த்துவிட்டால் கணக்கு முடிந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் நிற்கிற நம்ம ஊர்ப் பையன்கள் காதில் அதை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். உங்களுக்கு வருகிற காசில் பங்கு கொடுங்கள் என்று செட்டுக்காரர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டாலும் தப்பில்லை என்பது என் கட்சி.

பேரால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டார். பெங்களூர்க் கதையைச் சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. மாவட்டக் கலை மன்ற விருதுகள் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயசுக்குத் தகுந்தபடி ஐந்து இருக்கின்றன. எதற்கு எழுதிப் போட்டாலும், நீ ஆடினதற்கு, வாசித்ததற்கு என்ன காட்டுகிறாய் என்ற கேள்வி வரும். நாற்பது வருஷம் ஊதினவர் கையில் காட்ட ஒன்றுமில்லை. உங்கள் சேனலில் ஏழு மணி நேரம் இருக்கிறது, அதில் அவர் பேர் இல்லை. 2025இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. புரிசை என்றதும் கூத்து என்று வெளியூர்க்காரனும் சொல்கிறான். பேரும் ஊரும் ஒன்றாகவே சொல்லிச் சொல்லி நிலைத்தது அது. நம் பக்கத்தில் அப்படி வெளியே தெரிந்த ஊர் எது? கூத்து நடக்காத ஊர் எது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். "இன்று இரவு கர்ண மோட்சம், அனைவரும் வருக." எந்த இன்று? போன சித்திரையில் அதை நம்பிக் கிருஷ்ணகிரிக்குப் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். திடலில் மூங்கில் குழியும் ஒரு நாயும் இருந்தன. கூத்து மூன்று நாளுக்கு முன்னாலேயே முடிந்து, படுகளமும் ஆகிவிட்டது. துரியோதனன் மண்ணுருவம் பாதி கரைந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கிழமை போடுங்கள், தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் போடுங்கள், தாலுகா பேர் போடுங்கள். ஒரே பேரில் நம் பக்கம் நாலு ஊர் இருக்கும்.

பேரைப் போடு என்றேனே தவிர எண்ணைப் போடு என்று சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு பம்பைக்காரருடைய எண்ணை யாரோ போட்டுவிட, ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்துவிட்டுக் கூப்பிட்டு "ஒரு அடி அடிச்சுக் காட்டு" என்கிறார்களாம்.

அப்புறம், "அழிந்துவரும் கலை" என்று எழுதுவதை ஒரு வருஷத்துக்காவது நிறுத்திவையுங்கள். சித்திரை, வைகாசியில் தூங்க நேரமில்லாமல் ஊர் ஊராக ஓடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "எங்களைப் பொதைச்சிட்டுத்தான் மறு வேலை பாப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். முகவீணை ஊதுகிறவர் குறைவுதான், பல இடத்தில் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்தான். அதை அப்படியே எழுதுங்கள். இந்தச் செட்டில் இன்னும் முகவீணை இருக்கிறது, ஊதுகிறவர் இன்னார், போய்க் கேளுங்கள் என்று எழுதினால் அடுத்த திருவிழாவுக்கு அந்தச் செட்டைக் கூப்பிடுவார்கள்.

சொல்லி அனுப்புவது எப்படி என்று நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று. 583 அடி. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பேர். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு, செங்கத்து நன்னனிடம் போ என்று சொல்கிறான். செங்கம் எங்கே? ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பாதையில். நம்ம வீட்டு வாசல். "நன்னன் வேற லெவல்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விடவில்லை. எந்த வழியில் கல் வழுக்கும், எங்கே காவலர் மறிப்பார்கள், எந்தக் குடியில் என்ன சோறு போடுவார்கள், போகிறவன் கையில் என்னென்ன வாத்தியம் இருக்கிறது என்றுகூட விவரமாகச் சொல்கிறான். இந்தத் தருமபுரியின் பழைய பேரான தகடூரில் அதியமானுக்குப் பக்கத்தில் ஔவை இருந்தாள் என்று பெருமை பேசுகிறோம். அவளும் இந்தக் கூட்டம்தான். வழி சொல்லத் தெரிந்தவர்கள்.

தனியாகப் பாட்டுக் கட்டிப் போடுகிற பிள்ளைகளுக்கும் இதே வேண்டுகோள்தான், ஆனால் உங்கள் கேடு வேறு மாதிரி. உங்கள் பாட்டைப் பேரோடுதான் பகிர்கிறார்கள். பாட்டைக் கீழிறக்கித் தங்கள் சேனலில் மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். பார்வை அங்கே ஏறுகிறது, நீங்கள் ஓசூர் ரூமில் உட்கார்ந்து இருநூறைத் தாண்டவில்லையே என்று கணக்குப் பார்க்கிறீர்கள். பிடித்த பாட்டானால் அவர்களுடைய இணைப்பையே அனுப்புங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பாதி கன்னடம், பாதி தெலுங்கு கலந்து பாடுவதைப் போடும்போது அந்தப் பாஷை எது என்றும் ஒரு வார்த்தை எழுதுங்கள். நடவுப் பாட்டு உங்கள் பாட்டியிடம் கேட்டதா? அப்படியானால் பாட்டி பேரும் வர வேண்டும். "பாரம்பரியப் பாடல்" என்று போடுகிற இடத்தில் அவள் பேரையும் எழுத இடம் தாராளமாக இருக்கிறது.

பேர் போடச் சொல்கிறவன் பேரே இந்த மடலில் இல்லையே என்று கேட்பீர்கள். நான் பாடவில்லை, வாசிக்கவில்லை, முக்காலியைத் தட்டிவிட்டது மட்டும்தான் என் பங்கு.

கடை பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய கூத்துக் கேசட் அட்டைகள் இருக்கின்றன. சிலது செல்லரித்துவிட்டது, பலது படிக்கிற நிலையில் இருக்கிறது. வாத்தியார், மிருதங்கம், முகவீணை, பின்பாட்டு எல்லாம் பேரோடு. அதே காலத்துப் பாட்டுகளைச் சிலர் பேரில்லாமல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்; ஒப்பிட்டுப் பார்த்தால் பலருக்குப் பேர் கிடைத்துவிடும். வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். பேருந்து நிலையப் பக்கம் வந்து பழைய கேசட் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் முகவீணைக்காரரும் வெற்றிலைக்கு வந்திருப்பார், நேரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

இப்படிக்கு,
திடலில் உங்கள் பக்கத்தில் போர்வையோடு உட்காருகிறவன்,
தருமபுரி